கூட்டத்துக்கு ஏன் ஆள் வருவதில்லை?



நமது வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போயிருந்தோம். சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். மாலை 6 மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். ஏழு மணி வரை ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஓடியது. அதன்பின் கூட்டம் தொடங்கியபோது மேடையில் போட்டிருந்த நாற்காலி ஒன்று விடாமல் நிரம்பியிருந்தது. கீழே வாடகைக்கு எடுத்து வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தோம். மைக் செட்காரரையும் காப்பி கொண்டு வந்த பையன்களையும் சேர்த்தால் மேடைக்கும் கீழுக்கும் ஏறக்குறையச் சமமாக இருந்தது.

செயலாளருக்குக் கோபம். "வணிகர்களிடம் ஒற்றுமை இல்லை, பொறுப்பு இல்லை" என்று அரை மணி நேரம் பேசினார். பாவம், அந்தத் திட்டு முழுவதும் வந்தவர்களுக்குத்தான் விழுந்தது. வராதவர்கள் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சந்தாவை உயர்த்தினார்கள். மார்க்கெட் கடை வாடகை பற்றி மாநகராட்சிக்கு அனுப்ப ஒரு தீர்மானம் போட்டார்கள். இரண்டும் 'ஏகமனதாக' நிறைவேறின. மறுவாரம் சந்தா வசூலுக்குப் போனவர்களிடம் கடைக்குக் கடை சண்டை. "எங்களைக் கேட்காமல் எப்படி உயர்த்தினீர்கள்?" என்றார்கள். தீர்மானத்தை எடுத்துக்கொண்டு போன நிர்வாகிகளிடம் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தீர்கள்?" என்பதுதான். பதில் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

கோரம் இருந்ததே, சட்டப்படி செல்லுமே என்று சிலர் சொல்லலாம். கோரம் வேறு, கூட்டம் வேறு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5000 உறுப்பினருக்கு மேல் உள்ள பெரிய பொதுக் கம்பெனிக்கும் 30 பேர் நேரில் வந்துவிட்டால் கோரம் ஆகிவிடும். 1000 பேர் வரை உள்ளதற்கு 5 பேரே போதும். அரை மணி நேரத்தில் அவ்வளவு பேரும் சேராவிட்டால் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குத் தள்ளி வைத்து, அன்று வந்தவர்களைக் கொண்டே நடத்திவிடலாம். கம்பெனிக்கு இது போதும். அங்கே பங்குக்கு ஏற்ற ஓட்டு உண்டு. வர இயலாதவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பவும் வழி உண்டு. நமது சங்கங்களுக்கோ தலைதான் பலம். பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட மனுவும் இருநூறு பேர் எழுந்து நின்று போட்ட தீர்மானமும் எந்த அலுவலகத்திலும் ஒரே எடையில் நிற்பதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு வராத சில கடைக்காரர்களிடம் பிற்பாடு பேசிப் பார்த்தோம். அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர் சொன்னது இது: "ஆறு மணிக்கு வாங்கன்னா எப்பிடி வர முடியும்? அந்த நேரத்துலதான் நாலு ஆளு கடைக்கு வருது. வந்தாலும் அங்க என்ன நடக்கும்? மாலை போடுவாங்க, துண்டு போத்துவாங்க. நம்ம கடை விஷயம் ஒண்ணு பேசுவாங்களா?" இந்த இரண்டு கேள்விக்கும் சங்கத்தாரிடம் பதில் இல்லாத வரையில் வணிகர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை என்பது எங்கள் கருத்து.

இதே வணிகர்களைத்தான் சோப்பு, பிஸ்கட், எண்ணெய்க் கம்பெனிகள் டீலர் மீட்டிங் என்று ஓட்டலுக்கு அழைக்கின்றன. அங்கே நாற்காலி காலியாகக் கிடப்பதில்லை. "பை கொடுக்கிறான், பிரியாணி போடுகிறான், போகிறார்கள்" என்று நம்மவர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கவனியுங்கள். கம்பெனி சேல்ஸ்மேன் ஆர்டர் எடுக்க வரும்போதே நேரில் நின்று சொல்கிறார். முதல் நாள் நினைவூட்டுகிறார். அன்று காலையில் போன் போடுகிறார். நேரம் கடை அடைத்த பிறகோ, ஞாயிற்றுக்கிழமையோ இருக்கும். பேசுகிற விஷயம் ஒன்றுதான்: புதுச் சரக்கு என்ன, ஸ்கீம் என்ன, கழிவு எவ்வளவு. அதைக் கேட்காமல் விட்டவருக்கு அடுத்த மூன்று மாதக் கொள்முதலில் கையைக் கடிக்கும். போகாவிட்டால் அடுத்த வாரம் அதே சேல்ஸ்மேன் கடை வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, உங்களைக் காணோமே?" என்று கேட்பார். பையையும் பிரியாணியையும் எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இவ்வளவும் மிஞ்சுகிறதல்லவா? நமது சங்கங்கள் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்வதில்லை.

நம் தென்சீமை வணிகர்களுக்கு இது தெரியாத வித்தையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து வடக்கே வியாபாரத்துக்குப் போய்க் குடியேறிய நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் பேட்டை அமைத்தார்கள். வண்டிமாடும் சரக்கும் பத்திரமாகத் தங்குவதற்கான இடம் அது. அதை நடத்த மகமை என்று ஒரு வரி வைத்தார்கள். விற்கிற, வாங்குகிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தாங்களே எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தைக் கட்டி ஆண்டது உறவின்முறை. மகமை கொடுப்பவர் முறைகாரர். பொறுப்பும் முறை வைத்து மாறி வந்தது. கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தார்கள் என்பது நம்மில் பலர் கேட்ட செய்தி. இன்றைக்கு வணிகர் சங்கங்கள் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் சேர்ந்தவை. ஒரு சமூகத்தின் கட்டுப்பாட்டை அப்படியே கொண்டுவருவது நடக்கவும் நடக்காது, தேவையும் இல்லை. ஆனால் அதன் உட்பொருள் நமக்கு வேண்டும். தன் மூட்டைக்குத் தான் கொடுத்த காசு எங்கே போகிறது என்று கேட்க ஒருவர் கூட்டத்துக்குப் போனார். அடுத்த முறை தன் பொறுப்பு என்பதாலும் போனார். அவரைக் கூட்டத்துக்கு இழுத்துவரப் பேச்சாளர் தேவைப்படவில்லை.

அத்தகைய கூட்டத்திலிருந்து என்ன பிறக்கும் என்பதற்குத் தூத்துக்குடியைப் பார்க்கலாம். 1910-ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தின் 1920-ம் ஆண்டுக் கூட்டத்தில், நமக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1921 மே 11-ல் நாடார் வங்கி பதிவாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 11-ல் தூத்துக்குடியில் திறப்பு விழா நடந்தது. 1962-ல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. பேச்சுக்கும் திறப்புக்கும் இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்திருக்க வழியில்லை. இன்று ஒரு கழிவுநீர் ஓடைக்கு மூடி போடச் சொல்லி நாம் ஐந்து பொதுக்குழுவில் தீர்மானம் போடுகிறோம். அதே வங்கியின் பெரும் பங்கு 1990-களில் வெளியார் கைக்கு மாறியதும், அதை மீட்க நடந்த முயற்சியும், வழக்கு வழக்காகப் போனதும் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு ஓட்டுக்கு என்ன விலை என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

நேரம் என்பது பாதி வெற்றி

சில்லறை மளிகைக் கடைக்காரர் காலை பால் பாக்கெட்டோடு கடை திறக்கிறார். பதினொரு மணி வரை மூச்சுவிட நேரம் இல்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை மறுபடி நெரிசல். இடையில் பிற்பகல் இரண்டரையிலிருந்து நான்கு வரைதான் அவருக்குக் கல்லாவில் கண் அசரும் நேரம். மொத்த வியாபாரிக்குக் கணக்கு வேறு. விடியற்காலையில் லோடு இறங்கும். பிற்பகல் முழுக்க வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் வேலை. அவருக்கு ஞாயிறு முற்பகல்தான் ஓய்வு. இருவரையும் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவது இருவரையும் வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். மாலை ஆறு மணி சிறப்பு விருந்தினருக்கு வசதி. அலுவலகம் முடிந்து வருவார். விருந்தினருக்காகக் கூட்டமா, உறுப்பினருக்காகக் கூட்டமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சில்லறைக்காரர் கூட்டத்தைச் சாதாரண நாள் பிற்பகல் இரண்டே முக்காலுக்கும், மொத்தக்காரர் கூட்டத்தை ஞாயிறு 11 மணிக்கும் தனித்தனியே வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் இரண்டையும் சேர்த்தால் போதும்.

தேதியும் அப்படியே. மாதத்தின் முதல் பத்து நாளும் சம்பளப் பணம் புழங்கும் நாள். மாதச் சிட்டை போடும் நாள். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.1, 20-ம் தேதி 3பி என்று மாதக் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு இரண்டு கெடு இருக்கிறது. அந்த நாட்களில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். ஆக, 21-ம் தேதிக்கு மேல் 28-க்குள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலோர் கை சற்று ஓய்ந்திருக்கும்.

மேலும் நமது ஆற்றுப் பக்கத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. அதைப் பாராமல் சென்னைத் தலைமை சொன்ன தேதியில் கூட்டம் போடுவது வீண். டவுன் வணிகர்களை ஆனித் தேரோட்ட வாரத்தில் கூப்பிடக்கூடாது. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஆடி அமாவாசை என்றால் பாபநாசத்துக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் போகிற கூட்டம்தான் கண்ணில் நிற்கும். திருச்செந்தூர்ச் சாலைக் கடைகளுக்கு வைகாசி விசாகமும், குலசேகரன்பட்டினம் தசராவும். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை, வெள்ளி நண்பகல் தொழுகை. ரம்ஜான் மாதம் முழுவதும் மாலைக் கூட்டம் ஆகாது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், ஸ்ரீவைகுண்டம் போன்ற வயல்காட்டு ஊர்களில் மாசி, பங்குனியில் பிசான அறுவடை நடக்கும்போது கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு நெல் விற்ற பணம் வந்து சேரும். அந்த நேரத்தில் எந்தக் கடைக்காரரும் பேரேட்டை விட்டு நகரமாட்டார். அறுவடை முடிந்து, வரவு கைக்கு வந்து, மார்ச் 31 கணக்கும் அடைத்த பிறகு கூப்பிட்டுப் பாருங்கள், மனுசர் முகமே வேறாக இருக்கும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது மாநகரில் டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு ஊர் இருக்கின்றன. சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக் கொடுத்து 1843-ல் நெல்லையையும் பாளையையும் இணைத்தார். இன்று மாலை ஆறரை மணிக்கு அந்தப் பாலத்தில் நிற்கிற வண்டிகள் இரண்டையும் பிரித்துவிடுகின்றன. எப்போதும் டவுனிலேயே கூட்டம் போட்டுவிட்டுப் பாளை வணிகர் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை. சுற்று முறையில் நான்கு இடத்திலும் வைக்கலாம். மண்டபம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு கிட்டங்கியில் நாலு தார்ப்பாய் விரித்து, மின்விசிறி இரண்டைத் திருப்பிவிட்டால் போதும்.

நிரலில் என்ன இருக்கிறது?

நமது அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை (இதில் பதினொரு பெயர்), சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். இதில் வணிகர் வாய் திறக்கும் இடம் எது? நாட்டுப்பண் ஒன்றுதான்.

2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு அச்சுச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள். அந்த வாரம் நமது கடைவீதிகளில் இருந்த குழப்பம் கொஞ்சமன்று. சீட்டு ஒட்டாத சில்லறை எடைக்கு வரி உண்டா, கடையிலேயே ஒரு கிலோ, இரண்டு கிலோவாகக் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கியபோதும் அதே கதைதான். பழைய வரியில் வாங்கிய சரக்கு அடுக்கில் இருக்கிறது; அட்டையில் பழைய விலை; வாடிக்கையாளர் கையில் பத்திரிகைச் செய்தி. "ஏன் குறைக்கவில்லை?" என்று கேட்கிறார். கட்டிய வரியை எப்படி வரவு வைப்பது, விலையை எப்படி மாற்றி எழுதுவது, கம்பெனி வித்தியாசத்தைத் தருமா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்தாக வேண்டிய விஷயம். இப்படி ஒரு பொருளைத் தலைப்பாக வைத்து, கணக்கு தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, "வாழ்த்துரை இல்லை, கேள்வி பதில் மட்டும்" என்று துண்டுச்சீட்டு அடித்தால் கடையைப் பாதி அடைத்துவிட்டாவது ஆள் வரும்.

கடைக்காரரை அலையவைக்கும் வேலைகளையும் கூட்டத்தோடு சேர்க்கலாம். தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, 1989-ல் அமைந்த வணிகர் நல வாரியத்தில் உறுப்பினர் சேர்க்கை, இவற்றுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் முகாம் ஒன்றை அதே மண்டபத்தில் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு நடத்தலாம். தராசைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கூட்டத்துக்கும் இருப்பார். நல வாரியத்தில் சேராமல் இருந்து, ஏதாவது நேர்ந்த பிறகு "உதவித் தொகை கிடைக்குமா" என்று வீட்டார் வந்து கேட்கும்போது நாம் கையைப் பிசைகிறோமே, அதற்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது; தாமிரபரணி கரை புரண்டது. ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் ஆற்றுநீர் நின்றது. ஏரல் கடைவீதி சேறும் சகதியுமாகக் கிடந்தது. ஸ்ரீவைகுண்டம் தீவுபோல ஆனது. தண்ணீர் வடிந்ததும் வணிகர்கள் யாரும் அழைக்காமலே கூடினார்கள். அழைப்பிதழ் இல்லை, மேடை இல்லை. ஒவ்வொருவரும் கேட்டது ஒன்றே: நஷ்டத்தை எப்படி எழுதுவது, இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? பாலிசி இருந்தவர்களில் சிலருக்கு அது வெள்ளத்துக்கும் சேர்த்துத்தானா என்று தெரியாது. சரக்கு இருப்பை எழுதி வைத்திருந்தவர் குறைவு. எழுதியவருக்கும் நோட்டு தண்ணீரோடு போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனையோ பொதுக்குழு நடத்தியிருக்கிறோம். கடை இன்ஷூரன்ஸ் என்று ஒரு பொருளை நிரலில் வைத்ததாக எங்களுக்கு நினைவில்லை. இதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அழைக்கிற விதம்

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு தபாலில் போடும் அழைப்பிதழ், கூட்டம் முடிந்த மறுநாள் வந்து சேர்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வந்துவிடும். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் புதைந்துவிடும். பதிவு பெற்ற சங்கங்கள் 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கும் தத்தம் விதிகளுக்கும் உட்பட்டவை. பொதுக்குழு அறிவிப்பு எத்தனை நாள் முன்பு, எவ்வழியில் போக வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருப்பதைச் செயலாளர்கள் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது. அந்த அறிவிப்பு சட்டத்துக்காக. ஆள் வருவதற்கு வேறு வழி வேண்டும்.

கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் நாம் என்ன சொல்வோம்? "நேரில் வந்து வைக்கலையே" என்போம். கூட்டமும் அப்படித்தான். பதினைந்து கடைக்கு ஒருவர் என்று தெருப் பிரதிநிதி போடுங்கள். அவர் அதே தெருவில் கடை வைத்திருப்பவராக இருக்கட்டும். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, பிற்பகலில் ஒவ்வொரு கடை வாசலிலும் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால், "உங்களுக்கு இப்ப என்ன தொந்தரவு?" என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓடை நாற்றம், மின்கட்டணம், கடை முன் நிற்கும் வண்டி, கம்பெனிக்காரன் காலாவதிச் சரக்கைத் திருப்பி எடுக்காதது, இப்படி ஏதாவது வரும். அந்தச் சீட்டுகளைச் சேர்த்துத்தான் நிரல் எழுத வேண்டும். தான் சொன்ன விஷயம் நிரலில் நான்காவதாக அச்சாகி இருப்பதைப் பார்த்தவர் வராமல் இருப்பது கஷ்டம்.

ஒற்றை ஆள் கடைகளை நாம் மறந்துவிடுகிறோம். கணவரும் மனைவியுமாக நடத்தும் கடை, அல்லது அம்மா ஒருவரே நடத்தும் கடை நமது தெருக்களில் எத்தனை! அவர்கள் வந்தால் கடையை அடைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் நால்வர் பேசிவைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு இருவர், அடுத்த கூட்டத்துக்கு மற்ற இருவர் என்று போகலாம். போகிறவர் கடையை மற்றவர் ஒரு கண் பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டெடுப்பு இல்லாத கூட்டங்களுக்கு இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். பெண் கடைக்காரர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நன்றியுரையில் மட்டும் 'சகோதரிகளே' என்று விளித்தால் அவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். அவர்களில் ஒருவரைத் தெருப் பிரதிநிதியாகப் போட்டுப் பாருங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்பார்கள். ஆண்டுக் கூட்டத்துக்குச் சொதிச் சாப்பாடு என்று அறிவித்தால் நமது ஊரில் ஆள் வரும் என்பதில் ஐயமில்லை. சரியாகப் பன்னிரண்டரைக்கு வரும். இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றும். ஆகவே சாப்பாடு போடுவதானால் கூட்டத்தைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்கி, வரவு செலவுக் கணக்கு முடிந்த பிறகு இலை போடுவது நலம். சாதாரணக் கூட்டத்துக்குச் சுண்டலும் சுக்குக் காப்பியும் தாராளம். பொன்னாடையை மட்டும் அறவே நிறுத்திவிடலாம் என்பது எங்கள் யோசனை. ஒரு பொன்னாடைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் மேடையில் உள்ளவர்களுக்குப் போர்த்தி முடிப்பதற்குள் முன்வரிசைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

மே 5 வணிகர் தினத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று கடை அடைக்கச் சொன்னால் நமது வணிகர்கள் அடைக்கிறார்கள். 2025-ல் மதுராந்தகத்தில் நடந்த மாநாட்டுக்கு நெல்லையிலிருந்து போவதானால் ஒரு ராத்திரிப் பயணம். அப்படியும் போய் வந்தவர்கள் உண்டு. ஆனால் கடையை அடைத்தவர்களில் பலர் அன்று குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறார்கள். வருடம் முழுவதும் கடையில் நிற்கிறவருக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்தால் அவர் பிள்ளைகளோடு கடற்கரையில் இருக்க நினைப்பது தவறாகாது. மாநாட்டு வண்டிக்கு ஆள் சேர்ப்பதும் மாதக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் வேறு வேறு வேலை. தன் தெருக் கூட்டத்தில் ஒரு காரியம் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்தான் மாநாட்டு வண்டியிலும் ஏறுவார்.

காரியம் நடந்தது அவருக்குத் தெரியவேண்டுமே! நமது மினிட் புத்தகம் செயலாளர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. கூட்டம் முடிந்த அன்று இரவே என்ன முடிவாயிற்று, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஐந்து வரி எழுதித் தெருப் பிரதிநிதி மூலம் எல்லாக் கடைக்கும் போகவேண்டும், வராத கடைக்கு முதலில். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் டவுன் போஸ் மார்க்கெட்டையும் பாளை காந்தி மார்க்கெட்டையும் இடித்துக் கட்டிய காலத்தில் தற்காலிகக் கடை, புதுக் கடை ஒதுக்கீடு, வாடகை என்று வாரத்துக்கு ஒரு பேச்சு உலவியது. கடைவீதிகளில் அப்போது வதந்திக்கு இருந்த வேகம் சங்கச் செய்திக்கு இல்லை. அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது இறைவணக்கத்துக்கு அடுத்தபடியாகச் 'சென்ற கூட்டத்து முடிவு என்ன ஆயிற்று' என்பதே வரவேண்டும். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே சொல்லிவிடலாம். வணிகர் நட்டக் கணக்கைப் பார்த்துப் பழகியவர், பொறுத்துக்கொள்வார். கணக்கே காட்டாதவரைத்தான் பொறுக்கமாட்டார்.

கடைசியாக வருகைப் பதிவேடு. கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறோம். யார் வந்தார், யார் வரவில்லை என்று பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கிறோம். சங்கத்தில் கையெழுத்து வாங்குகிற நோட்டைக் கோரத்துக்காக மட்டும் வாங்கி மூடிவிடுகிறோம். அதில் எல்லா உறுப்பினர் பெயரையும் முன்கூட்டியே எழுதி, வந்தவர் கையெழுத்துக்கு ஒரு பத்தியும், வராதவருக்கு எதிரே காரணம் எழுத ஒரு பத்தியும் கோடு போட்டு வையுங்கள். அபராதம் வேண்டாம், கண்டிப்புக் கடிதமும் வேண்டாம். மூன்று கூட்டம் தொடர்ந்து வராதவர் கடைக்குத் தலைவரோ செயலாளரோ நேரில் போய், ஒரு காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு, ஏன் என்று கேட்டுவந்து அந்தப் பத்தியில் எழுத வேண்டும். ஒருவருக்கு வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருக்கும். ஒருவருக்குப் பழைய நிர்வாகத்தோடு மனத்தாங்கல் இருக்கும். ஒருவர் கடையை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போயிருப்பார். நாம் அவர் பெயருக்கு இன்னமும் அழைப்பிதழ் அனுப்பிக்கொண்டிருப்போம்.

இந்த முறைகளில் எதையேனும் செய்து பார்த்த சங்கங்கள், ஆள் கூடினாலும் கூடாவிட்டாலும், கூட்டம் நடந்த கிழமை, நேரம், இடம், வந்த தலைகள் ஆகியவற்றோடு நமது இதழுக்கு எழுதி அனுப்பக் கோருகிறோம். மேடையில் இருந்தவர்களைக் கழித்துக்கொண்டு எழுதவும்.